தங்கைக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

என் தங்கை ஹாஃபிஸா வைக்கும் மீன் ஆணத்துக்குப் பாம்பனில் ஈடு கிடையாது வக்கீலம்மா. இப்போது என் வீட்டில்தான் சமைக்கிறாள். நீங்கள் ஒருநாள் சாப்பிட வர வேண்டும்.

கேட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிஃபாய் அவளைத் தலாக் சொன்னபோது எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அவனுடைய விசைப்படகில்தான் நான் கடலுக்குப் போகிறேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாமா? அவளோ, தலாக்குக்குப் பிறகு இருக்க வேண்டிய மூன்று மாத இத்தா முடிந்த கையோடு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். இத்தாவோடு புருஷன் பொறுப்பு தீர்ந்தது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படியில்லை, அவள் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். வாதாடி வாங்கித் தந்தவர் நீங்கள்தானே.

'மறுமணம் செய்யும்வரை' என்பதை ரிஃபாய் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒங்க தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை பாருங்க. படகுல பாதிய ஒங்க பேருக்கு எழுதித் தாரேன்" என்றான்.

பார்த்தேன். சாயல்குடி உப்பளத்தில் கூலிக்குப் போகும் சதக். இல்லாதவர்தான், ஆனால் குணமானவர் என்று அவளிடம் சொன்னேன்.

"நல்லா விசாரிச்சீங்களா காக்கா? ஒங்களுக்குத் திருப்தின்னா எனக்கும் சம்மதந்தான்" என்றாள்.

வாப்பா மவுத்தான பிறகு அவளுக்கு நான்தான் பொறுப்பாளி. பெண்ணின் சார்பில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கட்டிக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியவன். பள்ளிவாசலில் அதைத் திக்காமல் சொன்னேன். சதக்தான் உப்பில் வெடித்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

நிக்காஹ் ஆன சான்றை ரிஃபாய் கோர்ட்டில் காட்டினான். ஜீவனாம்சம் ரத்தானது. அதன் பிறகு சதக்கும் தலாக் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினான். ஆமாம், முதலிலேயே அப்படித்தான் பேச்சு. கடற்கரையில் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். இல்லாதவனாகப் பார்த்ததும் அதற்காகத்தான். அவனிடமிருந்து எந்தக் கோர்ட்டும் அவளுக்கு எதையும் வாங்கித் தர முடியாது. படகை ரிஃபாய் இன்னும் எழுதித் தரவில்லை. தருவான், வாக்கு மாறுகிறவன் இல்லை.

அவளை நான் தெருவில் விட்டுவிடவில்லை. அடுப்படியில் படுத்துக்கொள்கிறாள். என் மனைவிக்கும் வேலை குறைந்திருக்கிறது.

ஒன்றுதான் ஆறவில்லை. சதக் போகிறபோது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் என்னைக் காக்கா என்று கூப்பிடுவதில்லை. ஆணத்தை ஊற்றி வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போய்விடுகிறாள். இப்போது உங்களிடமும் வந்து சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்தவளே இப்படித் துரோகம் செய்தால், ஒரு மனுஷன் யாரைத்தான் நம்புவது வக்கீலம்மா?