குழாய் இல்லாத கணப்பு

உங்கள் அலுவலகத்தில் காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஊரில் இப்போதெல்லாம் பொட்டலத்தைப் பிரித்து வெந்நீரில் கொட்டிக் கலக்கிவிட்டு அதைக் காப்பி என்கிறார்கள். நீங்கள் நிதானமாகக் கேளுங்கள், நானும் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு யார்மேலும் கோபமில்லை.

முதலில் பக்கத்து ஊராட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எங்களை உங்களுக்குப் புரியும். நடுவே ஒரு ஓடைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி அவர்களுக்கும் வந்தது, எங்களுக்கும் வந்தது. அந்த மேயர் அதில் வண்ண விளக்கு வைத்த நீரூற்று கட்டினார். அடுத்த தவணையில் கால்பந்து மைதானம். பந்து உதைக்கிற வயதில் அங்கே யாரும் இல்லை, எல்லாரும் ஜெர்மனியில் கட்டட வேலை பார்க்கிறார்கள். இப்போது மைதானத்தில் ஆடு மேய்கிறது. உயர்ந்த ரகப் புல் என்பதால் ஆடுகளுக்குக் குறையொன்றும் இல்லை.

எங்கள் மேயர் வெனெலின் அப்படிப்பட்டவர் அல்ல. வந்த காசு மனிதர்களுக்குப் போக வேண்டும் என்றார். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைப் பதினைந்து கட்டில் போட்ட முதியோர் இல்லமாக மாற்றினார். மாவட்ட மருத்துவமனையின் இருதயப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என்னை நிர்வாகியாகப் போட்டார். டான்யூப் நதிக்கரையில் எத்தனையோ ஊராட்சிகள் இருக்கின்றன. தலையில் கைவைத்துச் சொல்கிறேன், எங்களைப் போல யாரும் யோசிக்கவில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு, இப்போதும் உண்டு.

கணப்பு விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் அதைத்தானே எதிர்பார்க்கிறீர்கள். அடித்தளத்தில் கொதிகலன் இருக்கும். அங்கிருந்து வெந்நீர் குழாய் வழியாக ஏறி, ஒவ்வோர் அறையிலும் சுவரில் மாட்டிய இரும்புக் கணப்பைச் சூடாக்கும். அதுதான் திட்டம். முன்பக்க அறைகளில் கணப்பு வேலை செய்தது. பின்பக்க அறைகளில் கணப்பு இருந்தது.

ஆமாம், குழாய் போகவில்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்து, சுவரில் திருகி, கீழே ஒரு சாண் நீளக் குழாயைத் தரைக்குள் செருகியிருந்தார்கள். பார்த்தால் தெரியாது. ஒப்பந்தம் எடுத்தவர் வெனெலினின் மைத்துனர். அதே வருடம் மேயர் வீட்டிலும் என் வீட்டிலும் புதுக் கொதிகலன் வந்தது. சலுகை விலைக்குக் கிடைத்தது என்று அவர் சொன்னார். நான் துருவிக் கேட்கவில்லை.

முதல் குளிர்காலத்தில் பின்பக்க அறைகளில் இரண்டு அம்மாள்கள் போய்விட்டார்கள். நெஞ்சில் சளி. அந்தக் கட்டில்களுக்கு உடனே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். வயதானவர்கள் குளிர்காலத்தில் போவது உலகத்தில் இல்லாததா? என்னால் ஆனதை நான் செய்தேன். அடுப்பில் செங்கல்லைச் சுடவைத்து, துணியில் சுற்றி, கட்டில்களில் வைக்கச் சொன்னேன். சமையல்காரி கினா இரவெல்லாம் செங்கல் சுமந்தாள். நல்ல பெண். நடந்ததை உங்களிடம் சொன்னது அவள்தான் என்று தெரியும், அவள்மேலும் எனக்கு வருத்தமில்லை.

நைதென் மாமா பின்பக்கக் கடைசி அறையில் இருந்தார். பேருந்து ஓட்டியவர், எதையும் உரக்கச் சொல்லியே பழக்கப்பட்டவர். குளிர்காலம் முழுக்கக் கோட்டோடு தூங்கினார். காலையில் நான் சுற்றி வரும்போது கணப்பைத் தட்டிக் காட்டுவார்.

"ஏம்மா ஸ்லாவ்கா, இதைத் தொட்டுப் பாரேன். விட்டுட்டுப் போனாளே என் பொண்டாட்டி, அவ மனசு மாதிரியே இருக்கு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மே மாதம் தலைநகர் சோஃபியாவிலிருந்து தணிக்கை வருகிறது என்று தகவல் வந்தது. மே மாதம் என்பதில் வெனெலினுக்கு நிம்மதி, யாரும் கணப்பைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். ஊரைச் சுத்தம் செய்யச் சொன்னார். எங்கள் பக்கம் யாராவது இறந்தால் படம் போட்ட அஞ்சலி நோட்டீஸை வாசல் கதவு, விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் என்று ஒட்டுவோம், உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரிய சாலை முழுக்க அந்த முகங்கள்தான். வருகிறவர்கள் பார்த்தால் பயனாளிகள் எங்கே என்று கேட்பார்களே என்று எல்லாவற்றையும் சுரண்டச் சொல்லிவிட்டார். நைதென் மாமா வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்.

"செத்தவங்களைக்கூட ஊரைவிட்டுத் துரத்துறீங்களாக்கும்" என்றார்.

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தணித்துப் பேசினார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வர்ற அம்மாகிட்ட அந்தக் கணப்பைக் கழட்டியே காட்டப் போறேன். நாலு திருகுதாம்மா. திருப்புளி எங்கிட்டயே இருக்கு."

இல்லத்தை மூடிவிடுவார்கள் என்றேன். பதினைந்து பேரும் தெருவில் நிற்பீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றேன்.

"என் நல்லதா? கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்கினது நான். சூடா தூங்கினது நீ. இதுல யார் நல்லதைப் பேசுறே?"

வாக்குவாதம் செய்கிற பழக்கம் எனக்கில்லை.

தணிக்கை நாளன்று காலைச் சாப்பாட்டின்போது தயிர்க் கிண்ணம் அவர் கையிலிருந்து நழுவியது. முகம் சாம்பல் பூத்துவிட்டது, நெற்றியெல்லாம் வேர்வை. இடது தோளையும் தாடையையும் தடவிக்கொண்டிருந்தார். அது என்னவென்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா அக்கா?" என்றாள் கினா.

"வாயுதான். நான் பாத்துக்கறேன். நீ சூப்பு அடி பிடிக்காம பாரு" என்றேன்.

கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். அவரே பெட்டிமேல் இருந்த தன் கைப்பேசியைத் தேடினார். கீழே விழுந்து உடைந்துவிடுமே என்று அதை எடுத்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தலையணைக்குக் கீழிருந்த திருப்புளியையும் எடுத்தேன். முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஸ்லாவ்கா. கணப்பைப் பத்தி வாயே திறக்க மாட்டேம்மா. யாரையாவது கூப்பிடு."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தவில்லை, லேசாகத்தான் ஒருக்களித்தேன். சாத்திய கதவு என்றால் தணிக்கைக்காரர்கள் திறந்து பார்ப்பார்கள்.

சோஃபியாவிலிருந்து வந்த அம்மாள் இதமாகப் பேசுகிறவர். பக்கத்து ஊராட்சியின் நீரூற்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார், முகத்தில் அந்த அலுப்பு இருந்தது. எங்கள் கூடத்தைப் பார்த்ததும் தெளிந்துவிட்டார். வெனெலின் முன்னால் நடக்க, அறை அறையாக வந்தோம். கடைசி அறையில் அந்த அம்மாள் கதவைத் தள்ளினார். நைதென் மாமா கண் திறந்திருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். அந்தக் கை கணப்பைத்தான் காட்டியது, தப்பவேயில்லை.

"என்ன சொல்றார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இந்தக் குளிர்காலம் அறை நல்லா கதகதன்னு இருந்துச்சாம். வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவார். ஒட்டுற ஜுரம், நீங்க கிட்டப் போகாதீங்க" என்றேன்.

அந்த அம்மாள் அவருக்குக் கையசைத்தார். கண் கலங்கியிருந்தது.

மதியம் அவித்த பீன்ஸ் சூப்பும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவும். எல்லாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். நடுவில் என் பையில் நைதென் மாமாவின் கைப்பேசி அடித்தது. ஸ்பெயினில் இருக்கும் மகள். அழைப்பைத் துண்டித்துவிட்டேன், மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். அகப்பையோடு நின்ற கினா என் பையையே பார்த்தாள். அந்த மணியோசை அவருடையது என்று அவளுக்குத் தெரியும். நான் இன்னும் கொஞ்சம் ரொட்டி கொண்டுவரச் சொன்னேன்.

கார் புறப்பட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். முடிந்திருந்தது. கண்ணை மூடி, ஜன்னலைத் திறந்துவைத்தேன். மாலை தூக்கத்தில் போனதாக மகளிடம் நானே சொன்னேன். அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள்.

ஒரு கட்டில் காலியாகத் தெரிந்தால் நிதியைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்து செய்தேன் என நேற்று வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு பேருக்காக ஒருவர் என்றும் எழுதினேன். படிக்க நியாயமாகத்தான் இருந்தது. மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரின் கட்டிலும் நிரம்பிய கட்டிலாகவே கணக்கில் சேரும், விதியில் அப்படித்தான் இருக்கிறது என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள்.

தெரியும், ஐயா. வெனெலினுக்கு அந்த விதியைப் படித்துச் சொன்னதே நான்தான்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்கு இரண்டு மணி நேரமாவது இருந்தது, பார்த்ததுமே கணித்துவிட்டேன். கூப்பிட்டிருந்தால் பிழைத்து, பத்து நாளில் திரும்பி வந்திருப்பார். அதனால்தான் கூப்பிடவில்லை.