அவர் சிரித்தால் எனக்குப் பயம்

உட்காருங்கள் தம்பி, ரொட்டி சூடாக இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஜோல்டோஷுக்கு மனம் ஒரு காலம் தலைகால் புரியாமல் ஏறும், ஒரு காலம் பாதாளத்துக்கு இறங்கும். இருமுனைக் கோளாறு என்றார் டாக்டர். அப்படி ஏறிய ஒரு வசந்தத்தில், எங்கள் குதிரைகளை எல்லாம் வழியில் போனவர்களுக்குத் தானம் கொடுத்துவிட்டு, பனியில் வெறுங்காலோடு மலையேறினார். எங்கள் ஒரே மகள் பெர்மெத் அவர் தோளில் இருந்தாள். அவளை உயிரோடு மீட்டோம். என் நிம்மதி அன்றைக்குப் போனதுதான்.

அதன்பிறகு பல வருடம் நன்றாகவே இருந்தார். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், நகரத்தில் ரத்தப் பரிசோதனை எதையும் விட்டதில்லை. தூக்கம் குறைந்தால் அவரே வந்து சொல்லிவிடுவார்.

இந்த வசந்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெர்மெத்துக்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்தார்கள். அவர்கள் போனதும் இவர் முற்றத்தில் பாடிக்கொண்டே ஆடினார்.

"கல்யாணத்தன்னிக்கு ஊரையே ஆட வைக்கிறேன் பாரு," என்றார்.

"பொண்ணைப் பெத்தவன் ஆடாம வேற எவன் ஆடுவான்?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நானோ, அவர் பனியில் மலையேறிய வசந்தத்தை நினைத்து, உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்தேன்.

அன்றிலிருந்து அவருடைய மாத்திரையையே இன்னும் கொஞ்சம் பொடித்து, புளித்த குதிரைப்பாலில் கலந்தேன். வாக்குமூலத்தில் விஷம் என்று எழுதாதீர்கள் தம்பி. டாக்டர் கொடுத்த மருந்துதான் அது.

அவருக்குக் கை நடுங்கியது. நடை தள்ளாடியது.

"புருல்சா, மருந்து கூடிப்போன மாதிரி இருக்குடி. ஒரு எட்டு நகரத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துட்டு வந்துடறேன்."

"கல்யாண அலைச்சலுங்க. முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ சொன்னா சரி," என்று கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினேன்.

கல்யாணத்தில் அவர் ஆடவில்லை. வாய் குழற, தலை தொங்க உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு அடக்கமான மனுஷர்," என்றாள் சம்பந்தியம்மாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

ஆமாம், கொடுத்தது நான்தான். ஆனால் கொல்லவில்லை தம்பி, காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில், தன் புருஷன் ஏதோ சொன்னதற்குப் பெர்மெத் சிரித்தாள். அச்சு அசல் அப்பா சிரிப்பு. என்னைக் கூட்டிப்போகும் முன், இரண்டு நாள் அவள் வீட்டில் இருக்க விடுங்கள். அவளுக்குப் பால் ஊற்றிக் கொடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?