ஒரு கடைக்கு இரண்டு பேர்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் முக்காடு போட்ட மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக இரண்டு தையல்காரப் பெண்கள் இருந்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்து புதிதாகக் கட்டப்போகும் கடைகளில் இடம் கேட்க, கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடை வாங்குகிறவர் பெண்பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும், கடையைப் பூட்டிப் போடக் கூடாது என்பது விதியாம்.

"நடவு நாள்ல கடை உங்களுது ராத்தா. நோன்பு மாசத்துச் சாயங்காலம் என்னுது" என்றார் இளையவர். அதைக் கேட்ட பிறகுதான் நான் காதைக் கொடுத்தேன்.

"ஆளுக்கொரு கடைன்னுதானே சொல்றாங்க, செல்வி?"

"ஆளுக்கொண்ணு வாங்கினா, நாத்து நட நான் பூட்டணும். நோன்புக் கஞ்சி காய்ச்ச நீங்க பூட்டணும். பெருநாள் துணி கேட்டு வர்றவங்க பூட்டையா பாத்துட்டுப் போவாங்க?"

மூத்தவர் சிரித்தார். "கத்துக்க வர்ற புள்ளைங்க?"

"துணி வெட்ட உங்ககிட்ட கத்துக்கட்டும், ஆரி வேலை என்கிட்ட. ஒரே கடையில ரெண்டு தொழில், கசக்குதா?"

"சேத்துத் தர விதியில எடமில்லேன்னு அதிகாரி சொன்னா? எழுந்து வந்துடுவமா?"

"எதுக்கு எழுந்திரிக்கணும்? எடம் பண்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருப்போம்."

"அப்ப எறங்கினதும் ரெண்டு பேருக்கும் சோறு கட்டி வாங்கிக்குவோம்" என்று மூத்தவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

பல நாள் தள்ளிப்போட்டு எழுதியது: வைகாசி மாதம், கடைசி ஞாயிறு.