ஞாயிறு மட்டும் பதில்

எனக்கு எண்கள் மறப்பதில்லை. மனிதர்கள் சொன்ன வார்த்தைகள்தான் மறந்துபோகின்றன. அதனால் அண்ணன் அன்று வாசலில் நின்று சொன்னதை நான் சொல்லும்போது அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். அந்தப் பொருளில் ஏதோ சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எட்டு வருடமாக அதை எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் சில சொற்கள் தேய்ந்திருக்கும், சிலவற்றை நானே சேர்த்திருக்கவும் கூடும்.

அப்பா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். எனக்குத் தெரியாது. அவர் போய் இரண்டு நாள் கழித்து, என் பழைய முதலாளி துக்கம் விசாரிக்க என் அறைக்கு வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். வாடகை நாற்காலிகளைக்கூட அதற்குள் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போன் போட்டேன்டா, போகல. உன்னை ஊரெல்லாம் தேடிக்கிட்டா இருக்க முடியும்?" என்றார். இப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் முன்பு நான் போன் எண்ணை மாற்றியிருந்தேன். புது எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அண்ணனின் சட்டைப் பையில் வைத்ததாக எனக்கு நினைவு. பெரும்பாலும் வைத்தேன்.

அதற்குப் பிறகும் நான் உறவை முறித்துக்கொள்ளவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனேன், வந்தேன். அலுவலகங்களுக்குக் கணினி இணைப்புகள் போட்டுத் தருவது என் தொழில். அண்ணன் வீட்டு இணையத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டதிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் கம்பி. "கம்பி, நீ ஒருநாள் கம்பிதான் எண்ணப் போற" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். கைக்கு அடக்கமான சின்னக் கணினிதான். அண்ணன் வீட்டில் செருப்பு அலமாரிக்கு மேலே வைத்திருந்தேன். கணினிகள் எண்களைக் கொண்டுதான் ஒன்றையொன்று தேடிப் போகும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போகத் தெரியாது. அதனால் ஒரு பெயரைத் தேடும்போது, "இது எங்கே இருக்கிறது?" என்று முதலில் யாரையாவது கேட்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் அந்தப் பெட்டிதான் பதில் சொல்லும். விளம்பரங்கள் வருகின்றன என்று அண்ணன் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். விளம்பரக்காரர்களின் பெயர்களைக் கேட்டால் பதில் சொல்லாதே என்று பெட்டியிடம் ஒரு பட்டியலைக் கொடுத்திருந்தேன். ஊர் உலகத்தில் பலரும் பயன்படுத்தும் பட்டியல்தான்.

போன வருடம் அண்ணனின் நெஞ்சில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கூடவே படுக்கையருகே வைக்க வெள்ளையாக ஒரு கருவி கொடுத்தார்கள். தினமும் விடியற்காலை இதயத்தின் கணக்கை எடுத்து, வீட்டு இணையம் வழியாக ஆஸ்பத்திரிக்கு அது அனுப்பும். ஏதாவது கோளாறு தெரிந்தால் அங்கிருக்கும் நர்ஸ் கூப்பிட்டுச் சொல்வார். முதல் கணக்கு வருகிறதா என்று பார்த்திருந்த நர்ஸ் அன்றே போன் செய்து எதுவும் வரவில்லை என்றார். அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் வீட்டு இணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்த விளக்கு காட்டும், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைக் காட்டாது. யார் எதைக் கேட்டார்கள் என்று பெட்டி தானாக எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைக் கருவி நாற்பது தடவை கேட்டிருந்தது, பெட்டி நாற்பது தடவையும் வாயைத் திறக்கவில்லை. விளம்பரப் பட்டியலில் யாரோ தவறுதலாக அந்தப் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தப் பெயருக்கு மட்டும் பதில் சொல் என்று ஒரு வரி எழுதினேன். பத்து நிமிட வேலை. கணக்கு வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். "அப்பாவுக்குத்தான் வரல, எனக்காவது வந்தியே" என்றார்.

"என்னங்க இது, வந்த பிள்ளைகிட்ட" என்றார் அண்ணி.

"கம்பி கோவிச்சுக்க மாட்டான். என்னடா?"

"இல்லண்ணா" என்றேன். நிஜமாகவே எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, நான் எழுதிய அந்த ஒரு வரியை அழித்தேன். என் வீட்டிலிருந்தே அந்தப் பெட்டிக்குள் போக முடியும். இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் கெடுக்கவில்லை. கெட்டிருந்ததைச் சரி செய்தேன், பிறகு என் கையை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

எட்டாம் நாள் அண்ணி மறுபடி கூப்பிட்டார். ஏழு நாள் தொடர்ந்து கணக்கு வரவில்லை என்றால் நர்ஸ் விசாரிப்பாராம், அது அவர்கள் வழக்கம். எனக்கு அதுவரை தெரியாது. போய்ச் சரி செய்துகொடுத்தேன். அண்ணி டீ கொடுத்தார், குடித்தேன். அதன் பிறகு ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். ஞாயிறு விடிவதற்கு முன் அந்த வரி தானாகச் சேரும், மதியம் தானாக நீங்கும். வாரத்துக்கு ஒரு கணக்கு போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் எட்டு வருடம் சுமந்த மாதிரி அண்ணனும் சுமக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தன்னைப் பற்றிய செய்தி யாருக்கும் போய்ச் சேராமல் ஒரு மனிதன் கிடந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். போகவில்லை என்பதே அவருக்குத் தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது தோன்றியது. ஆனாலும் ஏற்பாட்டை மாற்றவில்லை.

நான்கு ஞாயிறு நல்லபடியாகப் போயின. ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பி ஒன்று இடம் நகர்ந்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். அன்றைய கணக்கு போயிருந்தால் அன்றே வரச் சொல்லியிருப்பார்கள். புதன்கிழமை அண்ணனுக்குத் தலைசுற்றல். "பச்சை விளக்கு எரியுதில்ல, அவங்க பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, ஞாயிறு சாயங்காலம் அண்ணி என்னை வரச் சொன்னார். அண்ணி இருபத்தாறு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு முடிவு தப்பாக வந்தால், எங்கே தவறியது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்ப் பிடிப்பது அவர் பழக்கம். மேஜையில் நோட்டு ஒன்று திறந்திருந்தது. தேதிகளை வரிசையாக எழுதி, கணக்கு வந்த நாட்களை ஆஸ்பத்திரியில் கேட்டு, அந்த ஞாயிறுகளை மட்டும் வட்டமிட்டிருந்தார்.

"தம்பி, ஒரு கோளாறு வாராவாரம் அதே கிழமையில தானா சரியாகுமா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தொழில் விஷயத்தில் எனக்குப் பொய் வருவதில்லை. "ஆகாது அண்ணி" என்றேன்.

"அப்ப என் முன்னாடியே பாருங்க."

பார்த்தேன். வீட்டுக்கு இணையம் வருகிறதா? வருகிறது. ஆஸ்பத்திரிக் கணினியை எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்கிறதா? கிடைக்கிறது. பெயரை வைத்துத் தேடினால்? இல்லை. அதே பெயரை வெளியில் வேறொரு கணினியிடம் கேட்டேன். சரியான பதில் வந்தது. ஒவ்வொன்றையும் அண்ணி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

"அப்ப இந்தப் பெட்டிதான்."

"ஆமா."

"இதுக்குள்ள யார் யார் போக முடியும்?"

"பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

பேனாவை மூடி வைத்தார். ஏற்பாட்டை நான் முன்பே அழித்திருக்கலாம், பத்து நாள் அவகாசம் இருந்தது. அழிக்கவில்லை. அழித்தால் குற்றம் செய்தவன் மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

"மாமா ஆஸ்பத்திரியில கிடந்த அந்த நாலு நாளும் உங்க அண்ணன் உங்க பழைய நம்பருக்குப் போட்டுக்கிட்டே இருந்தார், தம்பி" என்றார் அண்ணி. "அவர்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். மாமா கடைசியா கேட்டதும் உங்களைத்தான்."

அண்ணி பொய் சொல்பவர் இல்லை. ஆனால் எட்டு வருடம் கழித்து யாருக்கும் எல்லாம் சரியாக நினைவிருக்காது.

அண்ணன் வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு இறந்தார், வயது ஐம்பத்தெட்டு. நர்ஸை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அண்ணி வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கையிடம் போய்விட்டார். நான் எழுதிய கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது. பெட்டி உங்களிடம் இருக்கிறது. நான் இங்கே உங்கள் காவலில் இருக்கிறேன், சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. வியாழனன்று அண்ணி முதலில் கூப்பிட்டது என்னைத்தான். நாற்காலிகள் வருவதற்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். இந்த முறை எனக்கு நேரத்தோடு சொன்னார்கள்.