இருபது கிளிக்

ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் தம் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கார் நிக்குது, டாக்டரைப் பாக்க ரயில்ல போறோம். வெட்கமா இல்ல?"

"வளைவுல கிரிப்பு வேணும்னுதான்மா சஸ்பென்ஷனை இறுக்கினேன். அந்தத் திருகுல இருபது கிளிக் இருக்கு. இருபதும் வச்சுட்டேன்."

"முழுசா இறுக்கினா மழையில வழுக்கும்னு வொர்க்‌ஷாப்காரர் சொன்னாரே. நானும்தான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

"அவருக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்! இந்த ஊர்ல வளைவு எங்க இருக்கு லா? நம்ம புளோக் மாடிக் கார்பார்க்ல மேல ஏறுற வளைவு ஒண்ணுதான். அதுக்காக ரோட்டுல ஒவ்வொரு ஹம்ப்லயும் என் வயிறு குலுங்கணுமா? பிள்ளை பயந்து உதைக்குது."

கணவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். இரண்டு நிலையங்கள் கடந்தன.

"சரி, அஞ்சு கிளிக் குறைக்கிறேன்."

"பதினஞ்சு குறைங்க."

"பத்து."

"பதினஞ்சுன்னா பதினஞ்சு!"

ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிம்மா, பதினஞ்சு. பிள்ளை பிறந்ததும் மறுபடி ஏத்திக்கலாம்ல?"

"தாராளமா ஏத்துங்க. பேபி சீட்ல நீங்க உட்காருங்க, நான் ஓட்டுறேன்."