கீழ்க் கீலில் ஒரு வாஷர்

கதவச் சாத்திட்டு உக்காருங்க, ஐவோர் தம்பி. எங்க வீட்டுக்காரர் நார்மன் மீனும் சிப்ஸும் வாங்கப் போயிருக்காரு. வெள்ளிக்கிழமை கடையில வரிசை நிக்கும், வர இருபது நிமிஷம் ஆவும். டீக்குப் பால் ஊத்தட்டுமா?

ஆமா, மறுபடியும் கார்க் கதவு தொங்கிடுச்சு. பெட்டி பெட்டியா பாகம் வாங்கி ஏழு வருஷமா கராஜ்ல கட்டுற கார். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பெயிண்ட் கலக்குற குச்சிய கதவு இடுக்குல விட்டு மேலேருந்து கீழ வரைக்கும் இழுத்துக் காட்டுனாரு. எங்கயும் தட்டல. எட்னா, பாத்தியாடின்னு ஒரே சிரிப்பு. சனிக்கிழமை காலையில பாத்தா பின்பக்கம் அரை விரல் எறங்கி நிக்குது.

இல்ல தம்பி, ஃபைபர் கதவு வெயில்ல வளையுற கதையெல்லாம் நார்மன் எப்பவோ பாத்துட்டாரு. இப்ப சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டு ரெக் மேல. அவரும் கார் கட்டுறாரே, பானெட் மூட மாட்டேங்குதாம். அந்த வயித்தெரிச்சல்ல வந்து கலைக்குறான்னு இவரு கத்துறாரு. கராஜுக்கு ரெண்டு பூட்டு போட்டாச்சு. கால் தடம் பதியட்டும்னு தரையெல்லாம் மாவு தூவுனாரு. நான் வழக்கம்போல கூட்டித் தள்ளிட்டேன். அதுக்கும் திட்டு.

அவரு வர்றாரான்னு சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே இருங்க.

எனக்கு இருந்த சந்தேகமே வேற. எங்க வீட்டுக்காரர் மேலதான். ஈஸ்டருக்கு அப்புறம் ஆணி டப்பா ஒண்ண என்னத் தொட விடல. நாப்பத்தோரு வருஷத்துல என்கிட்ட எதையும் மறைச்ச மனுஷன் இல்ல. ஒரு நாள் தெறந்து பாத்தேன். ஆஸ்பத்திரிக் கடுதாசி. ரெண்டு தடவ நெனவு தப்பி விழுந்திருக்காராம். இனிமே வண்டி ஓட்டவே கூடாதாம். என்கிட்ட மூச்சு விடல. உங்க கார் கிளப்புல மட்டும் கோடையில முதல் ஓட்டம் என்னோடதுதான்னு சவால் விட்டு வெச்சிருக்காரு. நீங்களுந்தானே கை தட்டுனீங்க?

பன்னெண்டாந்தேதி, கார் ரோட்டுல ஓடலாமான்னு சர்க்கார் சோதனை. கதவு சரியா மூடலேன்னா கார் அதுக்குப் போவாது, இல்லையா? அதான், அவரு மீன் வாங்கப் போற நேரத்துல கீழ்க் கீல் போல்ட்ட லேசா தளத்தி, அதுக்கு அடியில இருக்குற வட்டத் தகடு, ஒரு வாஷர உருவிக்கிறேன். இந்தா பாருங்க, ஏப்ரன் பையில எத்தன இருக்கு. ஒவ்வொரு தடவையும் கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான்.

என்ன சொல்றீங்க? ஒண்ணுதான் இருக்கா? இந்தத் தடவ காணாமப் போனது நாலுன்னு அவரு பென்சில்ல எழுதி வெச்சிருக்காரே. நல்லா எண்ணுனீங்களா?

நான் இந்தத் தடவ எடுத்தது ஒண்ணுதான் தம்பி, பழசையெல்லாம் கராஜ் அலமாரியிலயே திரும்பப் போட்டுட்டேன். போன வெள்ளிக்கிழமை. அதுக்கப்புறம் அந்தக் கதவத் தொடவே இல்ல.

கராஜ் சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு.

அட, நார்மன்... மிச்ச மூணையும் அவரேதான் உருவியிருக்காரு, அவருக்கும் வண்டி ஓட்டப் பயம்போல.

கேட் தொறக்குற சத்தம். அவருதான். நீங்க எதையும் எண்ணல, நான் எதையும் சொல்லல. பாவம் ரெக், நாளைக்கு இஞ்சி கேக் செஞ்சு எடுத்துட்டுப் போவணும். தட்ட எடுத்து வைங்க. இன்னிக்கு சாப்பாட்டு ஜெபம் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். அது முடியற வரைக்கும் அவரு மூஞ்சியப் பாக்காதீங்க தம்பி.