வாசலை விட்டு எழாத வேம்பு

"ஹலோ... ஹலோ... அண்ணே, இரு! நீயும் பேசி நானும் பேசினா யாருக்குத்தான் கேக்கும்? நிறுத்துண்ணே... ஆமா, அம்சம்தான். மன்னார்குடி தபாலாபீசுலேருந்துதான்... ஆமா, ஆமா, அம்மாவுக்குத்தான். உசுரோடதான் இருக்கு. அதனாலதான் போனு. இல்லேன்னா தந்தியில்ல வந்திருக்கும் உனக்கு!"

நடவு வயலில் வரப்புக்கு வரப்பு கூவியே பழகிய தொண்டை அம்சத்துக்கு. மரக்கூண்டுக்குள் அவள் பேசியது வெளியே முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் வரைக்கும் கேட்டது. மெட்ராஸில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பியூனாக இருக்கும் அண்ணன் செல்லதுரையின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"என்னது?... ஆபீசர் பக்கத்துலயே இருக்காரா? அவரு மேசை போனா இது? சரி, சரி. நீ வாயத் தொறக்க வேணாம். நான் சொல்றேன், நீ 'ம்' மட்டும் கொட்டு... ஆங், அப்படித்தான்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கர்ப்பப்பை வாயில புத்துநோயாம்... ஆமாண்ணே, அதேதான்... சும்மா சொல்லல, சதையக் கிள்ளி அனுப்பிப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க... எப்பலேருந்தா? தீட்டு நின்னு எவ்வளவோ வருஷம் ஆச்சு. குறுவை நடவப்ப, மறுபடியும் படுதுடின்னு மெதுவா சொன்னுச்சு. வயல்ல இருந்த அத்தன பொம்பளையும் சிரிச்சோம். 'வேம்புக்கு வயசு திரும்புது, மாப்ள பாருங்கடி'ன்னு கண்ணாத்தா குலவையே போட்டா. அதுவும் சேந்துதான் சிரிச்சுச்சு. நல்லதுன்னுல்ல நெனச்சோம்? நின்னது திரும்புனா ஆபத்துன்னு நம்ம தெருவுக்கு வந்து எவரு சொன்னாங்க?...

"ஊரு டாக்டரா? காட்டாம இருப்பமா? வாசல்லயே நிக்க வச்சு, எட்ட நின்னு கேட்டுக்கிட்டு, செவப்புத் தண்ணி மருந்து ஊத்திக் குடுத்தாரு. குடிச்சுச்சு. தீந்துபோனா மறுபடியும் வாங்கிக் குடிச்சுச்சு. நம்ம தெருப் பொம்பளையத் தொட்டுப் பாத்தாத்தானே உள்ள என்னன்னு தெரியும் அவருக்கு?... நாத்தம் வந்தப்புறம்தான் நான் புடிச்சு இழுத்தாந்தேன்... கேக்குறியாண்ணே?"

மறுமுனையில் எங்கோ டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு 'ம்'.

"கரண்டு வைக்கணுமாம். அந்த மெஷினு மெட்ராஸ்லதான் இருக்காம். இப்பவே வச்சா பொழைக்க வழியிருக்குங்கிறாங்க. கதிரறுப்பு வரைக்கும் தள்ளிப்போட்டா தன் கையில ஒண்ணும் இல்லேங்கிறாங்க... நான் சொல்லாமயா? சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. 'வாசப்படிய விட்டு எறங்காதேன்னு எம் மவன் சொல்லிட்டுப் போயிருக்கான்'னு ஒரே புடியில நிக்குது. நீ சொன்னாத்தான் எந்திரிக்குமாம்."

வாசலை விட்டு இறங்காதே என்று சொன்னவன் செல்லதுரைதான். குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. அம்மா வேம்புவின் குடிசை நின்றதோ பண்ணையாரின் கொல்லையில். தாசில்தார் பார்வைக்கு வருகிற அன்று பேருக்குரியவள் வீட்டில் இல்லாவிட்டால், பண்ணைக்கு வேண்டிய கர்ணம் அதைக் காலி மனை என்று எழுதிவிடுவார். தீபாவளிக்கு வந்த செல்லதுரை அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லிவிட்டுப் போனான். அன்று உட்கார்ந்தவள்தான். தாசில்தார் இன்று வருவார், நாளை வருவார் என்று ஊரில் பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஆஸ்பத்திரிக்கு என்று அவளை அம்சம் கிளப்பிக்கொண்டு போன ஒரே ஒரு நாளிலும், திரும்பி வருவதற்குள் பண்ணைக் காரியக்காரர் வாசல் படலைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருந்தார்.

"பட்டா வரட்டுங்கிறியா? யாருக்குண்ணே வருது? அம்மாவப் பொதச்சுட்டு அந்த மனையில யாரு குந்துறது, நீயா? நானா?... தெரியும், தெரியும். கூலிச் சண்டையில அப்பாவ அடிச்சுப் போட்டது அந்த வாசல்லதான். நானுந்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். அதுக்காவ அம்மாவயும் அங்கேயே சாவச் சொல்றியா?... கத்தல. நான் ஒண்ணும் கத்தல...

"என்ன சொன்னே?... இன்னொருவாட்டி சொல்லு... மனை போனா போவட்டும்னு அண்ணனே சொல்லிடுச்சுன்னு சொல்லிடவா?... ம். ம். நீ நல்லா இருப்பேண்ணே."

அம்சம் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். சண்டை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"அப்ப வெள்ளிக்கெழம ரயிலேத்திக் கூட்டியாறேன். எக்மோருக்கு வந்துடு... ஆஸ்பத்திரியில பெட்டு கெடைக்காதாம்ணே. வெளியில தங்கி, தெனமும் போய் கரண்டு வச்சுக்கிட்டு வரணுமாம், ஒரு மாசத்துக்கு மேல. அதான் உன் ரூம்பு இருக்குல்ல... அண்ணே?... ஹலோ?... சின்ன எடமா? ஒரு பாய் விரிக்க எவ்வளவு எடம்ணே வேணும்?... கொழாயா? கொழாய்க்கு என்ன?... வீட்டுக்காரம்மாவா? அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

அண்ணன் வீட்டுக்கு அவள் ஒரே ஒரு முறை போயிருக்கிறாள். குழாயடியில் அவள் வாயைத் திறந்ததுமே அவன் ஓடி வந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டான். தங்கை தண்ணீர் சுமக்கக் கூடாது என்கிற பாசம் என்றுதான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். இப்போது அவள் குரல் தானாகத் தணிந்தது.

"அண்ணே... அங்க நீ யாருன்னு சொல்லி வச்சிருக்கே?...

"அழுவாதே. ஆபீசர் பாக்கப்போறாரு... இல்ல, நான் கொற சொல்லல. நம்ம தெருன்னு உள்ளதச் சொன்னா எவன் வீடு குடுக்கப்போறான்? எனக்குத் தெரியாதா?... இரு, இரு. நான் சொல்றதக் கேளு. அம்மான்னு சொல்லாதே. ஊர்லேருந்து வீட்டு வேலைக்கு வந்த கெழவின்னு சொல்லிடு. நான் அம்மாட்ட சொல்லிக் கூட்டியாறேன். உன்ன தம்பின்னு கூப்புடாது, ஐயான்னே கூப்புடும். பண்ணையில கூப்பிட்டுப் பழகுன வாய்தானே? தப்பு வராது. தாவாரத்துல ஒரு சாக்கு போட்டாக்கூடப் போதும், படுத்துக்கும்...

"யாரு?... நேரமாச்சா? டெலிபோனம்மா, லைன அறுத்துடாதீங்கம்மா, ஒரே ஒரு வார்த்த... அண்ணே, கேக்குதா? நீ வாயத் தொறக்க வேணாம். 'ம்'னு மட்டும் சொல்லு, போதும்."

டைப் அடிக்கும் சத்தமும் நின்றிருந்தது. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அம்சம் கருவியை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

"அம்மா வாசல்லயே பாத்துக்கிட்டுக் குந்தியிருக்கும்... நீ 'ம்'னு சொன்னேன்னு போயி சொல்லிடவாண்ணே?"